பேனைப் பெருமாளாக்குதல்

மூன்று டொலருக்கு இணையத்தில் விற்கப்படும் சீன மைப்பேனை, முழுதாகச் செய்து முடிக்கப்படாத ஒரு பொருள். உடலும் மூடியும் நிப்பும் சீனாவில் தயாராகின்றன. அது எழுதுமா என்று பார்க்கும் வேலை மட்டும் வாங்குபவர் வீட்டுக்கு அனுப்பிவைக்கப்படுகிறது. விலையுயர்ந்த ஜேர்மன், ஜப்பான் பேனைகளில் நிப்பை எழுதிப் பார்த்து அனுப்புகிற ஒருவரின் கூலியும் விலையில் சேர்ந்திருக்கும். மூன்று டொலரில் அந்தக் கூலிக்கு இடமில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தின் கொக்குவிலிலோ கோண்டாவிலிலோ உள்ள ஒரு வீட்டு விறாந்தை அந்தத் தொழிற்சாலையின் கடைசி மேசையாகிவிடுகிறது. அந்த மேசைக்குச் சம்பளம் கிடையாது.

சீனச் சாமான் இலங்கைக்குப் புதிதல்ல. 1952இல் இறப்பரைக் கொடுத்து அரிசி வாங்கும் ஒப்பந்தத்தைச் சீனாவுடன் இலங்கை செய்தது. காலப்போக்கில் அங்கிருந்து வந்தவற்றில் ஹீரோ பேனையும் ஒன்று. அதைச் செய்த தொழிற்சாலை 1931இல் ஷங்காயில் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் பார்க்கர் 51 பேனை 1941இல் சந்தைக்கு வந்தது. நிப்பை முழுக்க மூடி, நுனியை மட்டும் பல்லிக்குஞ்சு எட்டிப் பார்ப்பதுபோல விட்டிருக்கும் பேனை அது. பார்க்கரை எட்டிப் பிடிப்பதென்று 1950களின் கடைசியில் ஷங்காய்த் தொழிலாளர்கள் சபதம் எடுத்தார்கள். அந்தச் சபதத்தைப் பற்றிப் படம்கூட எடுக்கப்பட்டது. பிடித்ததற்குச் சாட்சி ஹீரோ 100. அதற்குப் பின் பிறந்த ஏழைத் தம்பிகள் 329, 616. லண்டன் மாமா கொண்டுவந்த பார்க்கர் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்க, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சோதனை எழுதியது ஹீரோதான். இன்று ஹீரோ 616க்கே போலிகள் உலவுகின்றன. நகலுக்கும் நகல் எடுக்கிறார்களே என்று ஹீரோ கொம்பனி பெருமைப்படலாம். வாங்குபவர் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்போதைய பெயர்களும் அதே வழிதான். ஜின்ஹாவோ 159, பருமனில் மொன்ற்பிளாங்க் 149ஐப் பார்த்து வளர்ந்தது. 599இல் லேமி சஃபாரியின் சாயல். விங் சுங் 601 மறுபடியும் பார்க்கர் 51. மாஜோன் ஏ1, பொத்தானை அமத்தினால் நிப் வெளியே வருகிற பைலற் பேனையின் அச்சு. ஒரு பேனையைச் சொல்ல இன்னொரு பேனையின் பெயர் தேவைப்படுகிறது. ஆளை விசாரித்தால் "இன்னாற்றை பெடியன்" என்று பதில் வருகிற ஊருக்கு இது பழகிய முறை. ஜின்ஹாவோவின் சுறாப்பேனை மட்டும் இந்தப் பரம்பரையில் சேராது. அதன் மூடி, சுறாவின் தலை. எழுதுவதில் குறையில்லை, கந்தோருக்குக் கொண்டுபோகத்தான் துணிவு வேண்டும்.

விற்பனைப் பக்கத்தைச் சாதகக் குறிப்பைப்போலப் படிக்க வேண்டும். அதில் தோஷம் எழுதப்பட்டிருக்காது. நிப்பில் "18 கே.ஜி.பி." என்று பொறித்திருந்தால் அது 18 கரட் தங்க முலாம் என்பதன் சுருக்கம். முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துக் கிலோக் கணக்கில் எண்ணிவிடக் கூடாது. கன்னாதிட்டிப் பத்தர் ஒருவர் அதை உரைகல்லில் ஒரு தரம் இழுத்தால், தங்கம் முழுவதும் கல்லோடு போய்விடும். சில நிப்புகளில் "இரிடியம் பொயின்ற் ஜேர்மனி" என்றிருக்கும். இன்று நிப் நுனிகளில் ஒஸ்மியம், ருதேனியம் போன்றவை கலந்த கடின உலோகமே உருட்டி ஒட்டப்படுகிறது. ஆகவே இரிடியம் பெரும்பாலும் இராது, ஜேர்மனியும் இராது. மிஞ்சுவது பொயின்ற். ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளில் பெரும்பங்கு, பொதி வந்து சேர்ந்த சந்தோசத்தில் மை ஊற்றுமுன்பே எழுதப்பட்டவை. மூன்று மாதம் கழித்து எழுதியவற்றை மட்டும் நம்பலாம்.

விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. மே மாதம் 360ஐ எட்டியது. அறுநூறு ரூபாப் பேனை ஆயிரத்தைத் தாண்டியது, நிப் அதே நிப்தான். அந்த மார்ச்சிலேயே மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சை, கடதாசி இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. பேனை வைத்திருந்தவர்களுக்கும் அந்த மாதம் பெரிய அனுகூலம் இருக்கவில்லை.

பொதி கட்டுநாயக்கவில் இறங்கி, கொழும்பில் இளைப்பாறி, 40000 என்ற தபாற்குறியீட்டைத் தேடி வடக்கே வரும். கண்காணிப்பு இலக்கத்தை மூன்றுவேளையும் பார்ப்பதால் அது வேகமாக வருவதில்லை. ஒழுங்கையின் பெயர் பிழைத்திருந்தாலும் தபாற்காரருக்கு ஆளைத் தெரியும். படலையில் நின்று "இன்னும் ஒரு பேனை வந்திருக்கு" என்று உரத்துச் சொல்ல வேண்டாமென அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

தரம் பார்ப்பது மைபோடும் முன்பே தொடங்குகிறது. மணிக்கூடு திருத்துபவர் கண்ணில் செருகும் பத்து மடங்குக் கண்ணாடி போதும். நிப்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் நடுவே ஒரு கீற்று, அதன் இருபுறமும் இரண்டு அலகு. கீற்று நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே வர வேண்டும். மை அந்த ஒடுக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் நுனிக்கு இறங்குகிறது. தீபத்திரி எண்ணெய் இழுக்கும் அதே விதி. நுனியில் அகன்றிருந்தால் மை பாதியில் நின்றுவிடும். வெளிச்சமே தெரியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஆகாது. மெல்லிய பித்தளைத் தகட்டை இடையில் நுழைத்து இரண்டு தரம் இழுத்துவிட வேண்டும். அடுத்து, நிப்பை நேர்முகமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு அலகு மேலேயும் மற்றது கீழேயும் நின்றால், கடதாசியில் கோழி கிளறும் சத்தம் கேட்கும். தாழ்ந்ததைக் கட்டைவிரல் நகத்தால் மெல்ல நிமிர்த்தலாம். மலிவுப் பேனையில் அதிகம் காணப்படும் பிழை இதுதான், திருத்துவதற்கு மிக இலகுவானதும் இதுதான். ஒரே நாளில் வாங்கிய ஒரேமாதிரி இரண்டு பேனைகளில் ஒன்று வெண்ணெயாகவும் மற்றது முள்ளாகவும் இருப்பதன் இரகசியம், தலைமயிரின் பருமனுக்கும் குறைந்த இந்த ஏற்றத்தாழ்வு.

பிறகு கழுவுதல். நிப்பின் கீழே ஒட்டியிருக்கும் கறுப்பு நாக்கில், மை இறங்கவும் காற்று ஏறவும் வெட்டிய வாய்க்கால்களுக்குள் தொழிற்சாலை எண்ணெய் கொஞ்சம் தங்கியிருக்கலாம். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்ட தண்ணீர் அதை எடுத்துவிடும். ஆனால் யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக்கல்லுக்குள் வெட்டப்பட்டது. கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும் தண்ணீர், பேனையின் நாக்கிலும் கட்டும். கடைசிக் கழுவலுக்கு மழைத்தண்ணீர் உத்தமம்; இல்லாவிட்டால் பற்றறிக்கு விடும் வடிநீர். சட்டைக்கு இல்லாத இந்தச் சலுகை பேனைக்கு மட்டும் ஏன் என்று குசினிப் பக்கமிருந்து கேள்வி வரும். அதற்கு விடை இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

எழுதிப் பார்க்கும்போது ஆங்கிலத்தில் கையெழுத்து வைப்பது பயனற்ற சோதனை. ஓலையில் எழுத்தாணியால் எழுதப்பட்டு உருண்ட தமிழ் எழுத்து, நிப்பை எல்லாத் திசைக்கும் இழுக்கிறது. "இ" எழுதினால் கீழும் மேலும் பக்கவாட்டிலும் நிப் போய்வந்துவிடும். ஒரு திசையில் மட்டும் கீறினால் அலகுகள் சமமாக நிற்கவில்லை என்று பொருள். நுனியை அளவுக்கு மீறித் தேய்த்து உருட்டியிருந்தால் கீற்றின் ஓரங்கள் உட்புறம் வளைந்து, மை கடதாசியைத் தொடாமல் தொங்கும். அப்படிப்பட்ட பேனையில் எழுதும் "அம்மா", முதற்சுழியை இழந்து நிற்கும். நிப்பின் பருமனுக்கு "ண" நல்ல சோதனை. சீன விற்பனையாளர்கள் 0.38, 0.5 மில்லிமீற்றர் என்று குறிக்கும் மெல்லிய நிப்புகளில் சுழிகள் திறந்தே இருக்கும். தடித்த நிப்பில் மூன்று சுழியும் மையால் அடைபட்டு, ணகரமும் னகரமும் ஒன்றாகித் தமிழாசிரியருக்குத் துன்பம் தரும். சோதனையை வழவழப்பான கடதாசியில் செய்து ஏமாறாமல், நாளாந்தம் எழுதுகிற சீ.ஆர். கொப்பியில் செய்ய வேண்டும். மை வேர்விட்டுப் பரவினால் உடனே பேனையைக் குற்றஞ்சாட்டவும் கூடாது. பாதிக் குற்றம் கொப்பியினுடையது.

கடைசிச் சோதனை மூடிக்கு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கொடியில் போட்ட சாறம் அரைமணியில் காயும். மூடி சரியாகப் பொருந்தாத பேனையின் மையும் அப்படியே. நிப் மூடிய ஹீரோ போன்றவை இதில் சற்றுத் தாக்குப்பிடிக்கும். சோதிப்பதற்கு உகந்த காலம் நவராத்திரி. சரசுவதிக்குரிய கடைசி மூன்று நாளும் பேனையைப் புத்தகத்தோடு பூசையில் வைத்துவிட்டு, விசயதசமியன்று எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். முதல் எழுத்திலேயே மை வந்தால் மூடி நல்லது. வராவிட்டால் சரசுவதியைக் குறைசொல்ல முடியாது. பாதி மை தீர்ந்த பேனையை வெயிலில் சைக்கிளோடும்போது சட்டைப்பையில் வைப்பது இன்னொரு சோதனை. உள்ளே இருக்கும் காற்று சூடேறி விரிந்து மையைத் தள்ளும். வெள்ளைச் சீருடையில் முடிவு உடனே தெரியும்.

இத்தனைக்கும் பேனைக்குப் போனது மூன்று டொலர். கண்ணாடி, பித்தளைத் தகடு, நுனியைத் தேய்க்க நகம் மெருகேற்றும் அட்டை, வடிநீர், மை எல்லாம் சேர்த்தால் அந்தக் காசுக்கு நல்ல ஜப்பான் பேனை ஒன்றே வாங்கியிருக்கலாம். பேனைப் பெருமாளாக்குவது என்ற பழமொழியைச் சொன்னவர்கள் தலையில் ஊர்வதைத்தான் நினைத்திருப்பார்கள். எழுதுகோலைப் பேனை என்று சொல்லும் யாழ்ப்பாணத்தில் அது வேறு வகையிலும் பலித்துவிட்டது. ஆயினும் முள்ளாய்க் கீறிய நிப் ஒன்றை நகத்தால் நிமிர்த்தி, அது "இ"யைச் சத்தமில்லாமல் முடித்த மாலைப்பொழுதை வாங்கியவர் மறப்பதில்லை. செய்தே வந்த ஜப்பான் பேனையில் அந்த மாலை கிடையாது.

வாங்குவோர் ஒரே பேனையில் இரண்டு வாங்குவது நல்லது. எழுதுவதை வீட்டில் வைத்துக்கொண்டு, கசிவதைச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம். வங்கியில் படிவம் நிரப்ப இரவல் கேட்பவர்கள் இரண்டாம் முறை கேட்பதில்லை.