அட்டைப் பெரியப்பா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்கிற எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஓர் அட்டைப் பெரியப்பா இருப்பார். ஒரு காலத்தில் ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை குத்தியவர். கட்டம் போட்ட தாளில் டிசைன் எழுதி, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார். ஓட்டை இருந்தால் இழை எழும்; இல்லாவிட்டால் கிடக்கும். 1804-இல் பிரான்ஸின் ஜக்கார்டு உருவாக்கிய இந்த ஏற்பாட்டைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டருக்கே நாங்கதான்யா பாட்டன்" என்பார் பெரியப்பா. அந்தப் பேரன்தான் பாட்டனை வீட்டுக்கு அனுப்பினான். மிஞ்சியது பரண் நிறையப் பழைய அட்டையும், நாள் முழுக்க ஓய்வும்.

இந்த நேரம் பார்த்து சிங்கப்பூர் மாப்பிள்ளை, அங்கெல்லாம் விருந்து மேஜையில் ஆளாளுக்குப் பேர் எழுதி வைப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து வீட்டில் எட்டுப் பேர் சாப்பிட உட்கார்ந்தால் எட்டு அட்டை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றால் வியாழனே கத்தரிக்கோல் வெளியே வந்துவிடும். பழைய அட்டையை நறுக்கி, நடுவில் மடித்து, கூரை மாதிரி நிறுத்துவார். ஓரத்தில் சரிகைத் துணுக்கு ஒட்டுவார். பேர் எழுதும்போது மட்டும் மூச்சுவிட மாட்டார். இருந்தும் 'கோமதி'யின் 'கோ' ஓட்டைக்குள் விழுந்து வெறும் 'மதி' பந்தியில் உட்கார்ந்ததுண்டு. பேருக்கு மேலே ஒரு புட்டா: மயில், அன்னம், யாளி, ருத்ராட்சம் என்று ஆளுக்கொன்று.

யாரை எங்கே உட்காரவைப்பது என்பது தனிக் கணக்கு. சம்பந்தி ஃபேனுக்கு நேர் கீழே. சீட்டு எடுத்துவிட்டுத் தவணை கட்டாத மச்சானும் சீட்டு பிடிக்கும் பங்காளியும் எதிரெதிர் மூலை. சர்க்கரைக்கார அத்தை பாயசத் தூக்குக்கு எட்டாத தூரம். இரண்டு கட்சிக்காரர்களுக்கு நடுவே காது கேட்காத தாத்தா. பெரியம்மா மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி, கோயில் இட்லியை வேகவைத்தே இறக்கிவிடுவாள். இவர் அப்போதும் மச்சானை எங்கே நகர்த்துவது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

பந்தி ஆரம்பித்ததும் கணக்கு கலையும். இலைக்குத் தண்ணீர் தெளித்ததில் சம்பந்தியின் பேர் பாதி கரைந்திருக்கும். அட்டை நிற்பது இலை நுனியோரம். உப்பும் ஊறுகாயும் வந்து விழுவதும் அங்கேதான்.

அதையெல்லாம் யாரும் பொருட்படுத்துவதில்லை. தன் பேரை ஒரு தரம் பார்த்துவிட்டு, எல்லாரும் படிப்பது பக்கத்து அட்டையைத்தான். "அவங்களுக்கு அன்னம், எனக்கு யாளியா? நான் என்ன, வாயைப் பிளந்துகிட்டா இருக்கேன்?" என்பாள் நாத்தனார். "ருத்ராட்சம் போட்டிருக்கீங்களே, சாமியாராப் போகச் சொல்றீங்களா?" என்பார் மச்சான். தீர்த்தம் முதலில் யாருக்கு, பரிவட்டம் யாருக்கு என்று பார்த்தே வளர்ந்த ஊர் இது. 2019-இல் அத்திவரதர் வைபவம் 48 நாள் நடந்தபோதும், பெருமாளைப் பார்த்த கதையைவிட எந்த வரிசையில் போய்ப் பார்த்தோம் என்ற கதைதான் திண்ணைகளில் அதிகம் ஓடியது. அப்படிப்பட்டவர்கள் அட்டையில் மட்டும் விட்டுக்கொடுப்பார்களா?

பெரியப்பா யோசித்தார். அடுத்த விருந்துக்கு எட்டு அட்டையிலும் ஒரே மாங்காய், ஒரே அளவு, ஒரே சரிகை. இனி வாயைத் திறக்க முடியாது என்று திண்ணையில் சாய்ந்தார். சம்பந்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் போட்டதையே எங்களுக்கும் போட்டுட்டீங்க. இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கைகழுவப் போனார்.

அன்று ராத்திரி பெரியம்மா சொன்னாள்: "பேசாம பழையபடி கூடத்துல பாய் விரிச்சிடலாங்க. அவங்கவங்க துண்டைப் போட்டு இடம் பிடிச்சுக்குவாங்க."

பெரியப்பா வெகுநேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"பாய்ல அட்டை நிக்குமாடி?"