வண்டியை எடுத்துட்டேன் சார்

கோவளத்தில் மலிவாக வஞ்சிரம் வாங்கிவிடலாம், பிளம்பரைப் பிடிப்பதுதான் கஷ்டம். கடலோர உப்புக்கு எந்தக் குழாயும் சீக்கிரம் பல்லிளித்துவிடும். பக்கத்து நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு: 2013-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 15 கோடி லிட்டர். கடலையே வடிகட்டுகிறோம், சரி. சமையலறைக் குழாய்ச் சொட்டை நிறுத்த ஒரு வாஷரும் அதை மாட்ட ஓர் ஆளும் வேண்டுமே!

போன் போட்டால், "தோ, வண்டியை எடுத்துட்டேன் சார்" என்பார். மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் பைப் ரெஞ்சும் டெஃப்லான் டேப்புமாக வந்து, முதலில் முன்னால் வந்தவரைத் திட்டுவார். "எவன் சார் இந்த எல்போவைப் போட்டது?" போட்டது அவரேதான். சொல்லும் தைரியம் யாருக்கு இருக்கிறது?

எட்டாம் வகுப்பு தேறினால் போதும், ஐ.டி.ஐ.யில் பிளம்பர் படிப்பு ஓராண்டு. ஓ.எம்.ஆர். கல்லூரியில் நான்கு வருஷம் பொறியியல் படித்தவர் வாளியோடு காத்திருப்பது இந்த ஓராண்டுக்காரருக்காகத்தான். ஆனாலும் பெண் பார்க்கப் போனால் "மாப்பிள்ளை பிளம்பர்" என்றதும் காப்பி ஆறிவிடுகிறது. சென்னையில் குடிநீர் வாரியத்தின் உரிமம் பெற்ற பிளம்பர்களும் உண்டு. இங்கே உரிமத்தை யார் கேட்கிறார்கள்? "நாளைக்காவது வருவீங்களா அண்ணே?" என்பதுதான் ஒரே தகுதித் தேர்வு.

வீட்டில் பத்தாவது முடித்த பிள்ளை இருந்தால், ஐ.டி.ஐ. விண்ணப்பத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். படித்து முடித்ததும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.