ஒலியை முந்திய விமானம்

கேள்வி: ஒலியை முந்திப் பறந்த கான்கார்டு விமானத்தை 2003இல் நிறுத்திவிட்டார்களே, மனித முன்னேற்றத்துக்கே இது நஷ்டமல்லவா?

பதில்: லண்டனில் புறப்பட்ட பிரயாணி மூன்றரை மணி நேரத்தில் நியூயார்க்கில் இறங்கி, தாம் கிளம்பிய நேரம் அவ்வூர்க் கடிகாரத்தில் இன்னும் வரவில்லை என்று கண்டு ஆச்சரியப்பட்டது அற்புதமே, ஆயினும் அவ்வற்புதத்துக்கு அதில் ஏறியவர்கள் கொடுத்த விலையைவிட ஏறாதவர்கள் கொடுத்த விலையே அதிகம். நானூறு பேரைச் சுமக்கும் ஜம்போ விமானத்துக்கு ஏறக்குறையப் போதுமான எரிபொருளைக் குடித்து, அது சுமந்ததோ நூறு பேரைத்தான். பிரிட்டிஷ், பிரெஞ்சு ஜனங்களின் வரிப்பணத்தில் உருவான அவ்விமானத்தை, நம் ஏர் இந்தியா உட்பட விருப்பம் தெரிவித்திருந்த கம்பெனிகள் பலவும் பின்வாங்கிவிட, அவ்விரு தேசத்துக் கம்பெனிகளே வாங்கின. பிரயாணிகளுடன் பறந்தவை 14 மட்டுமே.

சப்தத்தின் கதை இன்னும் கொடியது. 1964இல் ஓக்லஹோமா நகரின் மீது ஆறு மாத காலம் போர்விமானங்களை ஒலியை மிஞ்சிய வேகத்தில் பறக்கவிட்டுப் பரீட்சித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடிமுழக்கங்களைக் கேட்ட ஜனங்கள், உடைந்த ஜன்னல்களுக்கு நஷ்டஈடு கோரி மனுக்களைக் குவித்தார்கள். 1973இல் நிலப்பரப்பின் மேல் அவ்வேகத்தையே அமெரிக்கா தடைசெய்தது. இத்தகைய விமானங்கள் நூற்றுக்கணக்கில் பறந்தால், அவை கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று ஹரால்ட் ஜான்ஸ்டன் என்ற ரசாயன அறிஞர் 1971இல் எச்சரித்தார். அதே வருஷம் போயிங் கம்பெனியின் போட்டி விமானத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் பொதுப்பணத்தை மறுத்ததை, விவேகமான காரியமென்றே நான் கொண்டாடுகிறேன்.