படம் போட்டியா?

‘உராய்வற்ற கிடைத்தளத்தின் மீது 5 கிலோகிராம் நிறையுள்ள பொருள் ஒன்று...’ எண்பதுகளின் தொடக்கத்தில் பிளஸ் ஒன் படித்தவர்களுக்கு இந்த வரி இன்னும் காதில் ஒலிக்கும். அப்படி ஒரு தளத்தை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கீழத்தஞ்சையில் எங்கள் ஊரைச் சுற்றி இருந்ததெல்லாம் உராய்வுதான். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்குத் தடவுவார்கள். மசை காய்ந்துவிட்டால் வண்டி வருவது தெருமுனையிலேயே கேட்கும். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டால் வீட்டில் யாராவது எண்ணெய்க் கிண்ணத்தோடு எழுந்து வருவார்கள். மழைக்கு மறுநாள் வரப்பில் நடக்கிறவர் கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றித்தான் நடப்பார். இத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, உராய்வே இல்லாத ஓர் உலகத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது என் தம்பி மகள் நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்துப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தை அவள் மேசையில்தான் முதலில் புரட்டிப் பார்த்தேன். நல்ல புத்தகம். சறுக்குக் கோணத்தை விளக்க அதில் குழியானை வருகிறது. மணலில் அது தோண்டும் கூம்புக் குழியின் சரிவு, மணல் சரியத் தொடங்கும் அந்தக் கோணத்திலேயே நிற்கும். எறும்பு காலை வைத்ததும் மணல் நழுவும், எறும்பு அடிக்குப் போய்ச் சேரும். அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் மணலுக்கும் மணலுக்கும் இடையிலான ஓய்வுநிலை உராய்வுக் குணகம். திண்ணையோரத்துப் புழுதியில் குழியானையைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு விளையாடியவர்கள் நாங்கள். எங்கள் புத்தகத்தில் அது இல்லை. அவள் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் அவள் குழியானையைப் பார்த்ததே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் நாலாவது மாடிக்கு அது எப்படி வரும்?

எங்களுக்கு வாய்த்த இயற்பியல் சார் புத்தகத்தை அதிகம் திறக்க மாட்டார். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிப்போட்டுவிட்டுப் போனால் அது சில நாள் அங்கேயே இருக்கும். யாரும் அழிக்கக் கூடாது. விடையைக் கொண்டுபோய்க் காட்டினால் விடையைப் பார்க்க மாட்டார். “படம் போட்டியா?” என்பார். படம் என்றால் கணக்கில் வரும் சாமான்கள் எல்லாம் இருக்கும் படம் கிடையாது. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோமோ அதை மட்டும் பிடுங்கி எடுத்துத் தனியாக வரைய வேண்டும். அதன் மேல் செயல்படும் விசைகளுக்கு மட்டும் அம்புக்குறி. ஒவ்வொரு அம்பையும் விரலால் தொட்டு, “இது யார் தள்ளுறது? யார் இழுக்கிறது?” என்று கேட்பார். பூமி, கயிறு, தரை, என் கை என்று ஆள் பெயர் சொல்ல வேண்டும். ஆள் இல்லாத அம்பை அழித்துவிடச் சொல்வார். உருண்டு போகிற பந்துக்கு முன்னோக்கி ஓர் அம்பு போட்டு ‘இயக்கத்தின் விசை’ என்று எழுதாத மாணவன் எங்கள் வகுப்பில் இருந்ததில்லை. அந்த அம்பை ரப்பரால் அழிக்கும்போதுதான் நியூட்டனின் முதல் விதி எங்களுக்குள் இறங்கியது. 1687-இல் அச்சான ஒரு நூலின் மையக் கருத்து, ஓர் அம்புக்குறியை அழிப்பதில் அடங்கியிருக்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

அவர் போட்ட கணக்குகளில் மாட்டு வண்டிக் கணக்கு மறக்காது. புத்தகத்தில் அது குதிரை வண்டி. மாடு வண்டியை இழுக்கிறது, வண்டியும் அதே அளவு விசையோடு மாட்டைப் பின்னால் இழுக்கிறது. இரண்டும் சமம் என்றால் வண்டி எப்படி நகர்கிறது? வகுப்பே மாடு கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்றது. அவர் எங்களை வெளியே கூட்டிப்போய், அறுப்பு முடிந்து நெல் ஏற்றி வந்த வண்டி ஒன்று மேட்டில் ஏறுவதைப் பார்க்கச் சொன்னார். “வண்டியப் பாக்காத, மாட்டோட காலப் பாரு.” குளம்பு தரையைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது, லாடம் மண்ணில் கோடு கிழித்தது. தரை மாட்டை முன்னால் தள்ளுகிறது, அந்தத் தள்ளல்தான் உராய்வு. மாட்டைத் தனியாக வரைந்தால் அதன் மேல் இரண்டு கிடை விசைகள்: தரை முன்னால் தள்ளுவது, வண்டி பின்னால் இழுப்பது. முன்னது பெரிதாக இருந்தால் மாடு முடுக்கம் பெறும். வண்டியும் மாடும் ஒன்றையொன்று இழுக்கும் சம விசைகள் இரண்டு வேறு பொருள்கள் மேல் விழுகின்றன, அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வழியே இல்லை. உராய்வு என்றால் நகர்வதைத் தடுப்பது என்று மனப்பாடம் செய்திருந்த எங்களுக்கு, உராய்வு இல்லாவிட்டால் மாட்டால் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது என்பது பெரிய செய்தி.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தது எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை. பொதுத்தேர்வுக்குப் புத்தகக் கணக்குகளை எண்ணோடு சேர்த்து மனப்பாடம் செய்தே மதிப்பெண் வாங்க முடிந்தது. கணக்கின் கடைசிப் படியில் கிளார்க்ஸ் டேபிளைத் திறந்து லாக் பார்த்து விடை எழுதத் தெரிந்தவர்களுக்கு, முதல் படியில் இருந்த உராய்வு எந்தத் திசையில் என்று தெரியாது. 1984-இல் பொறியியல், மருத்துவச் சேர்க்கைக்கு நுழைவுத்தேர்வு வந்ததும் பட்டணத்து டியூஷன்கள் பெருகின, கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அந்தத் தேர்வு நீங்க 2006-இல் சட்டம் வர வேண்டியிருந்தது. நல்ல கணக்குப் புத்தகமும் எளிதில் கிடைக்காது. சோவியத் புத்தகங்கள் விற்கும் வேன் வந்தால்தான் உண்டு. மாஸ்கோவின் மிர் பதிப்பகம் போட்ட ஐரோடவின் கணக்குத் தொகுப்பை அப்படித்தான் வாங்கி, கை மாற்றிக் கை மாற்றி அட்டை கிழிகிற வரை வைத்திருந்தோம். பின்பக்கத்தில் விடை இருக்கும், வழி பெரும்பாலும் இருக்காது. வழியைத் தேடி நாலு பேர் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சண்டை போடுவோம்.

இன்றைக்கு வழிதான் முதலில் கிடைக்கிறது. என் தம்பி மகள் கணக்கைப் போனில் படம் பிடிக்கிறாள், மூச்சு விடும் நேரத்தில் படிப்படியாகத் தீர்வு வந்துவிடுகிறது. எச்.சி.வர்மாவின் புத்தகத்திலுள்ள எந்தக் கணக்கை எடுத்தாலும், அதை யாரோ ஒருவர் எழுதிக் காட்டும் வீடியோ இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கும் நல்ல ஆசிரியரின் பாடம் காசில்லாமல் கேட்கக் கிடைக்கிறது. இதில் எனக்கு முழு மகிழ்ச்சி. நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் போட்ட கணக்குகளை அவள் ஒரு வாரத்தில் போட்டுவிடுகிறாள்.

ஆனால் நேரம் அவளிடம் இல்லை. நீட் தேர்வில் மூன்று மணி நேரம், 180 கேள்விகள், அதில் இயற்பியல் 45. சரியான விடைக்கு நாலு மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும். இந்தக் கடிகாரத்துக்கு முன்னால் படம் போடுவது ஆடம்பரமாகத் தெரிகிறது. ஒருநாள் அவள் நோட்டில் இந்தக் கணக்கைப் பார்த்தேன்: தரையில் 5 கிலோ கட்டை, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4. அதைக் கிடைமட்டமாக 10 நியூட்டன் விசையால் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு?

“19.6 நியூட்டன், பெரியப்பா.”

“படம் போட்டியாம்மா?”

“இதுக்கெல்லாம் படமா? மியூவ எம்ஜியால பெருக்கினா வந்துடும். அரை நிமிஷக் கணக்கு.”

“சரி, நீ தள்ளுறது 10. தரை திருப்பித் தள்ளுறது 19.6. கட்டை எந்தப் பக்கம் போகும்?”

பென்சிலை எடுத்தாள். கட்டையை மட்டும் வரைந்தாள், இடப்பக்கம் ஒரு சின்ன அம்பு, வலப்பக்கம் அதைப்போல இரண்டு மடங்கு நீளத்தில் ஓர் அம்பு. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அப்போ கட்டை என் மேலயே வரணுமே!” பெரிய அம்பை அழித்துச் சின்னதாக்கினாள். விடை 10 நியூட்டன். 19.6 என்பது தரையால் அதிகபட்சம் தாங்க முடிந்த எல்லை. அதற்குள் இருக்கும்வரை நீ எவ்வளவு தள்ளுகிறாயோ அவ்வளவுதான் அதுவும் தள்ளும். போன் தந்திருந்தால் அதுவும் 10 என்றுதான் காட்டியிருக்கும். அவளும் விடையை மாற்றி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். கட்டை தன் மேலேயே வந்து மோதும் என்று திடுக்கிட்டிருக்க மாட்டாள். அந்தத் திடுக்கிடலுக்குப் பள்ளியும் பயிற்சி மையமும் நேரம் ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்கு உடம்பால் தெரியும். அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் எடை என்று சொல்லப்படும் தேர். வடத்தை ஆயிரக்கணக்கானவர்கள் இழுப்பார்கள், தேர் அசையாது. இன்னும் இழுப்பார்கள், அப்போதும் அசையாது. இழுக்க இழுக்கத் தடையும் கூடிக்கொண்டே போகும். பின்னால் உலுக்குமரத்தைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து நெம்புவார்கள். எல்லையைத் தாண்டியதும் தேர் கிளம்பும். கிளம்பிவிட்டால் அவ்வளவு பலம் வேண்டாம், அதை நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தோடு நடந்துகொண்டே கட்டையைச் செருகுவார்கள். நிற்பதைக் கிளப்பும் விசைக்கும் ஓடுவதை ஓட்டும் விசைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிரான்சின் ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் கூலோம் அளந்து பார்த்தார், 1781-இல் அதற்குப் பரிசும் வாங்கினார். மரத்தோடு மரம் சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் கிளப்பும் விசை கூடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். அது திருவாரூரில் வடம் பிடித்த கைகளுக்கும் தெரிந்திருந்த விஷயம். இப்போது தேருக்கு இரும்புச் சக்கரமும், திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. கூட்டத்துக்கு அது பாதுகாப்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். என் தம்பி மகள் தேரோட்டத்தைப் போனில் நேரலையில் பார்த்தாள். இந்த முறை அவள் கேட்ட கேள்வி: “புல்டோசர முன்னால தள்ளுறது யாரு பெரியப்பா? தரைதானே?”

சென்ற மழைக்காலத்தில் அவள் அப்பா வண்டியில் சறுக்கினார். பெரிய அடி இல்லை. அன்றைக்கு அவளே ஒரு கணக்கை உண்டாக்கிக்கொண்டு வந்தாள். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற ஸ்கூட்டர், காய்ந்த சாலையில் உராய்வுக் குணகம் 0.8 என்று வைத்துக்கொண்டால் நிற்க எவ்வளவு தூரம்? இரண்டு சக்கரத்திலும் முழு பிரேக் பிடித்தால் ஏறத்தாழ 18 மீட்டர். ஈரத்தில் குணகம் பாதியாகக் குறைந்தால் 35 மீட்டர். ஓட்டுபவரின் எடை விடையில் வரவே இல்லை என்பதை அவள் முதலில் நம்பவில்லை. எடை கூடினால் உராய்வும் கூடுகிறது, நிறுத்த வேண்டிய நிறையும் கூடுகிறது, இரண்டும் அடித்துப்போகின்றன என்று அவளே எழுதிப் பார்த்துச் சமாதானமானாள். பிறகு, “அப்பா எப்பவும் பின் பிரேக் மட்டும்தான் பிடிப்பார். அதுக்கு எவ்வளவு?” என்றாள்.

இந்தக் கேள்வி அவள் புத்தகத்தில் இல்லை. வண்டியைத் தனியாக வரைந்தோம். இரண்டு சக்கரத்திலும் தரை மேல்நோக்கித் தள்ளும் அம்புகள், நடுவில் எடை, பின் சக்கரத்தில் மட்டும் உராய்வு. பிரேக் பிடித்ததும் பாரம் முன்சக்கரத்துக்கு மாறும். அப்போது பின் சக்கரத்துக்குக் கீழே தரையின் தள்ளல் குறையும், உராய்வின் எல்லையும் குறையும். திருப்புத்திறன் சமன்பாடு ஒன்று எழுத வேண்டியிருந்தது. புவியீர்ப்பு மையம் சக்கரங்களுக்கு நடுவில், அவற்றின் இடைவெளியில் பாதி உயரத்தில் என்று வைத்துக்கொண்டாள். காய்ந்த சாலையிலேயே ஏறத்தாழ 50 மீட்டர் வந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் ஒரு சாயங்காலம் முழுக்க அதில் இருந்தாள். அந்தத் தாளை அவள் அப்பாவின் ஹெல்மெட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறாள்; ஈரச் சாலைக்கான கணக்கு இன்னும் பாக்கி.