கையெழுத்துப் போட்டாச்சா?

மக்களாட்சியில் மக்கள் பங்கேற்பதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு தடவை பங்கேற்கிறார்கள். குடியரசு நாள், தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், உள்ளாட்சி நாள். முன்பு நான்காக இருந்த கிராம சபையை 2022இல் ஆறாக்கிக் கொடுத்திருக்கிறது அரசு. பதிலுக்கு நம்மிடம் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. வந்தோமா, நோட்டில் கையெழுத்துப் போட்டோமா, டீயைக் குடித்தோமா, போனோமா. அதிகாரப் பரவல் அன்றைய தேதிக்கு முடிந்தது.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பல ஊர்களில் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அது சுற்றுக்கு வந்துவிடும். மூவாயிரம் பேர் இருக்கிற ஊராட்சியில் நூறு பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். பத்தாயிரத்தைத் தாண்டினால் முந்நூறு பேர். ஆகவே நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களைக் கூட்டி வந்து ஷாமியானாவுக்குக் கீழே தரையில் உட்கார வைத்துவிடுவார்கள். வராவிட்டால் வேலை கிடையாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அது எல்லாருக்கும் பழகிவிட்டது. கையெழுத்து கீழே விழும். அதற்கு மேலே பக்கம் காலியாக இருக்கும். என்ன தீர்மானித்தோம் என்பதை ஊராட்சிச் செயலர் பிறகு ஆற அமர எழுதிக்கொள்வார்.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பற்றாளர் பொருள் பட்டியலை வாசிப்பார். பட்டியலும் மேலேயிருந்து வந்ததுதான். கூடலூர் மலைக்கும் ராமநாதபுரத்து வறட்டு மண்ணுக்கும் பெரும்பாலும் அதே மழைநீர் சேகரிப்பு, அதே டெங்கு. பின்வரிசையில் ஒருவர் எழுந்திருப்பார்.

"ஐயா, மேல்நிலைத் தொட்டி ஒழுகுதுன்னு போன தடவையே தீர்மானம் போட்டமே?"

"பதிவாயிருக்கு."

"அதுக்கு முந்தின தடவையும் போட்டோம்."

"அதுவும் பதிவாயிருக்கு."

"அப்ப தொட்டி?"

"பெரியவரே, பொருளுக்கு வாங்க. இப்ப டெங்குல இருக்கோம்."

வரவு செலவுக் கணக்கைக் கேட்பவருக்கு இதைவிட நல்ல மரியாதை உண்டு. பிளக்ஸில் அச்சடித்துத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். எழுத்து எறும்பு அளவில் இருக்கும். ஜனநாயகம் எங்கள் மண்ணில் பிறந்தது என்று மேடைக்கு மேடை உத்திரமேரூர் கல்வெட்டைத் தூக்கிப் பிடிக்கிறார்களே, அந்தக் கல்வெட்டைப் படித்துப் பார்க்கலாம். சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் இடம் கொடுத்த சபை அது. அதில் நாம் பெருமைப்பட அதிகமில்லை. ஆனால் கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது, அவனுடைய உறவினனும் வர முடியாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டுப் பெருமை பேசுகிற எந்தத் தலைவரும் இந்த வரிக்கு வருவதில்லை. வந்தால் மேடையில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்?

எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாருக்கும் கிராம சபை இனிக்கிறது. 2020 அக்டோபர் 2ஆம் தேதி நடக்க வேண்டிய கிராம சபையை அன்றைய அதிமுக அரசு கொரோனாவைக் காட்டி ரத்து செய்தது. டாஸ்மாக்கில் பரவத் தெரியாத கொரோனாவுக்குக் கிராம சபையில் மட்டும் பரவத் தெரிந்திருந்தது. அந்த டிசம்பரில் திமுக தானே ஊர் ஊராகப் போய் 'மக்கள் கிராம சபை' நடத்தியது. அந்தப் பெயரில் கட்சிகள் கூட்டம் போடக் கூடாது என்று அரசு சொன்னதும் 'மக்கள் வார்டு சபை' என்று மாற்றிக்கொண்டு நடத்தியது. ஜமுக்காளம் விரித்து, தலைவர் உட்கார்ந்து, பெண்கள் மைக்கில் குறை சொல்ல, குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஆட்சி கைக்கு வந்தது. மக்களின் குரல் இனிமேல் கேட்கும் என்று நம்பியவர்களில் காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்துக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

உத்திரமேரூர் இருக்கிற அதே மாவட்டம். பரந்தூர் விமான நிலையத்துக்காக 13 கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எடுக்கப்போவதாக 2022இல் அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே வேண்டாம் என்று ஏகனாபுரம் தீர்மானம் போட்டது. பிறகும் போட்டது. கிராம சபை கூடும்போதெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தது. வயலுக்கும் ஏரிக்கும் நடுவே உட்கார்ந்து மாலைதோறும் போராடியது. 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தும் பார்த்தது. சட்டம் சொல்லித்தந்த வழியில் ஒன்றையும் விட்டுவைக்காமல் பங்கேற்ற ஊர் அது. பாடப்புத்தகத்தில் படம் போட வேண்டிய ஊர். கிடைத்தது போலீஸ் காவலும் வழக்கும் நில எடுப்பு அறிவிப்பும்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு ஏலம் விட்டது. 2024 நவம்பர் 23 கிராம சபையில் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமே எழுந்து நின்று அதை வழிமொழிந்தது. மக்கள் விருப்பத்துக்கு மாறாக ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டோம் என்ற தொனியில் ஆளும் தரப்பு முழங்கியது. ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்று நாள் கழித்து முதல்வரே நேரில் போய்ப் பாராட்டு விழாவில் கலந்துகொண்டார். நல்லது. அரிட்டாபட்டி மக்கள் வென்றதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஒரே சட்டத்தின் கீழ் கூடிய இரண்டு கிராம சபைகள். ஒரே மாதிரி 'வேண்டாம்'. ஒன்று டெல்லியைப் பார்த்துச் சொன்னது, அதனால் புனிதமாயிற்று. இன்னொன்று கோட்டையைப் பார்த்துச் சொன்னது, அதனால் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பதாயிற்று.

இதில் ஒரு கட்சியை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. ஊரைக் கேட்காமல் நிலம் எடுப்பதில் இரண்டு கழகங்களுக்கும் அப்படி ஓர் ஒற்றுமை. 1997இல் தொழில் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது திமுக. சமூகத் தாக்க மதிப்பீடு, ஊராட்சியோடு கலந்தாலோசனை என்றெல்லாம் 2013இன் மத்தியச் சட்டம் நிபந்தனை போட்டபோது, அதிலிருந்து மாநிலச் சட்டங்களைத் தப்புவித்தது அதிமுக. அது செல்லாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னதும், அதே ஆண்டு புதுச் சட்டம் போட்டு உயிர்கொடுத்ததும் அதிமுக. பரந்தூரில் அதே 1997 சட்டத்தைக் கையில் எடுத்தது திமுக. சட்டமன்றத்தில் மைக்கைப் பிடுங்கிக்கொள்ளும் இரு தரப்பும் இந்தத் தொடரோட்டத்தில் மட்டும் ஒருவர் கைக்கோலை இன்னொருவர் தவறவிட்டதே இல்லை. மதுக்கடையை மூடச் சொல்லும் கிராம சபைத் தீர்மானங்களுக்கும் எந்த ஆட்சியிலும் ஒரே பதில்: கொள்கை முடிவு.

கையெழுத்துப் போட வருகிறவர்களின் கதை இது. நாற்காலியில் உட்கார வந்தவர்களின் கதை வேறு. தலித்துகளுக்கென ஒதுக்கிய தனி ஊராட்சியான மேலவளவில் தலைவராக வென்ற முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தலித் தலைவர் யாரையும் பதவியில் நிலைக்க விடவில்லை. குழுவாகக் கூடிப் பங்கேற்பது என்றால் இதுவும் ஒரு வகை. ஊரே கூடி, ஒருமனதாக, தலித் தலைவர் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறது. என்ன ஒற்றுமை! 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக இருந்த தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்து மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்திய படத்தை நாடே பார்த்தது. 2022 சுதந்திர நாளுக்கு முன்பு, ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடு இல்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து 75 ஆண்டுகள் ஆனபின், தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் கயிற்றை இழுக்கத் தலைமைச் செயலாளரின் கடிதம். மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுதலை செய்தது அரசு. அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல். மேலவளவிலும்தான்.

பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் இருக்கிறது. வென்ற பெண்ணின் கணவர் 'தலைவர்' என்று வண்டியில் எழுதிக்கொண்டு திரிவதைத் தடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

சரி, இந்தத் தலைவர்களாவது இருக்கிறார்களா? உள்ளாட்சியின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அதைச் சாக்குச் சொல்லாமல் செய்யுங்கள் என்று 2006இலேயே உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று. 2016 அக்டோபரில் பழங்குடியினர் ஒதுக்கீட்டைச் சரியாகச் செய்யவில்லை என்று உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. ஒதுக்கீட்டைத் திருத்த மூன்று நாள் போதும். மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்தல் நடத்தி, மீதி 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில் நடத்தினார்கள். முதலில் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. 9,624 கிராம ஊராட்சிகளில் அன்றோடு தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை. காசோலையில் கையெழுத்துப் போட வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்களாக வந்து உட்கார்ந்தார்கள். ஆளுநர் மாநில உரிமையைப் பறிக்கிறார், டெல்லி அதிகாரத்தைக் குவிக்கிறது என்று தினமும் குமுறிய கோட்டையில் இதற்காக ஒரு பெருமூச்சுகூடக் கேட்கவில்லை. டெல்லி கோட்டைக்குச் செய்தால் அநியாயம். அதையே கோட்டை ஊராட்சிக்குச் செய்தால் நிர்வாக ஏற்பாடு.

இனி எந்தக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலில் வந்து நின்றாலும், தண்ணீர் வேண்டும், ரோடு வேண்டும் என்று ஆரம்பிக்காதீர்கள். தலைவர் இல்லாமல் எங்கள் ஊராட்சி ஒரு நாளும் நடக்காது என்று எழுதித் தருவீர்களா, எங்கள் சபை வேண்டாம் என்றால் உங்கள் அரசும் விட்டுவிடுமா என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் இவருக்கு ஓட்டு இல்லை என்று அடுத்த தெருவுக்கும் சொல்லிவிடுங்கள்.