பழைய பட்டில் புது கவுன்: வீட்டிலேயே தைப்பது எப்படி?

முதலில் பீரோவைத் திறக்க வேண்டும். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை, அம்மா தூங்கும் நேரமாகப் பார்த்துத் திறப்பது உத்தமம். மிஷின் சத்தம் கூடத்துக்குக் கேட்கக் கூடாது என்பதால் முன்னாலேயே எண்ணெய் விட்டு வைத்துக்கொள்ளவும்.

யூடியூபில் வரும் பெண் "இருபதே நிமிஷம்" என்பாள். அந்த இருபது நிமிஷமும் நமக்குப் புடவை தேடுவதிலேயே போய்விடும். திருப்பனந்தாளில் எங்கள் வீட்டில் காட்டன் புடவை பழசாவதே இல்லை, பதவிதான் இறங்கும். வெளியே கட்டியது வீட்டுக்கு, அப்புறம் தூளிக்கு, தூளிப் பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் மொட்டைமாடியில் வத்தல் காய வைக்க, கடைசியில் கரித்துணி. அப்பாவின் எட்டு முழ வேட்டி இட்லித்துணியாகிவிடும். சிந்தெடிக் புடவைகள் மாமாவின் உளுந்து வயலைச் சுற்றி ஆடு மாட்டுக்கு வேலியாக நிற்கும். போன தீபாவளிக்கு அத்தைக்கு நான் எடுத்துக் கொடுத்ததும் அந்த வேலியில் நிற்கிறது. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை.

ஆக, மிஞ்சுவது பட்டு. அம்மாவின் கல்யாணப் புடவை, திருபுவனம் பட்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதற்கு முப்பது வருஷம் முன்பே அம்மா கட்டிவிட்டாள். திருபுவனத்தில் விசிறி மடிப்பாக மடித்துத் தருவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் எந்தப் பட்டையும் மடிப்பு மாற்றாமல் வருஷக்கணக்கில் அடுக்கி வைத்தால், மடிப்பு விழுந்த இடத்திலேயே நூல் இத்துப்போகும், ஜரிகை முறியும். அதனால் கத்தரி வைப்பதற்கு முன் புடவையை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடிக்கவும். வெளிச்சம் கோடு கோடாகத் தெரிகிற இடத்தில் வெட்டலாம், தையல் போடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் இரண்டு கட்டைவிரலையும் நெருக்கி வைத்து லேசாக இழுத்துப் பார்க்கவும். எனக்கு முந்தானை இரண்டாகக் கிடைத்தது அப்படித்தான். கேட்பவர்களிடம் டிசைன் என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது பிடிமானம். வேறு ஊரில் இதை அலட்சியம் செய்யலாம், எங்கள் ஊரில் முடியாது. ஊர்க் கோயிலின் கதையே ஆடை நழுவிய கதை. தாடகை என்கிற பெண் மாலை சாத்தப் போகிறாள். இரண்டு கையிலும் மாலை, ஆடையோ நெகிழ்கிறது. முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவிக்கிறாள். சிவலிங்கமே தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டது. சாய்ந்த லிங்கத்தை ராஜா யானை கட்டி இழுத்தும் நிமிரவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இழுத்த பிறகுதான் நிமிர்ந்தது. ஒரு கொக்கி இல்லாததால் எத்தனை பேருக்கு வேலை பாருங்கள்! ஆகவே தோளுக்கு இரண்டு கொக்கி, உள்ளே காட்டன் லைனிங், இடுப்புக்கு நாடா. நான் லைனிங் காசை மிச்சம் பிடித்தேன். கவுன் போட்டு இரண்டடி நடப்பதற்குள் தாடகையின் கஷ்டம் புரிந்துவிட்டது.

ஓவர்லாக் அடிக்கக் கடைத்தெரு டெய்லர் அண்ணனிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தலை எந்தப் பக்கம், பாப்பா?"

வெட்டிய துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அசல் ஜரிகை என்றால் பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. "பழைய பட்டுப்புடவை வாங்கறதே!" என்று தெருவில் கூவி வருகிறவர் அந்த வெள்ளிக்காகத்தான் வருகிறார், துணியை எரித்து அதைப் பிரித்தெடுப்பார்கள். துண்டுகளோடு கவுனையும் அவரிடம் காட்டினேன். ஜரிகையை உரசிப் பார்த்தார். "நல்ல ஜரிகைம்மா. முழுப் புடவையா இருக்கறப்பவே குடுத்திருக்கலாமே!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி வருத்தப்பட்டார்.

மணி மூன்றுதான். அம்மா எழுந்து வந்துவிட்டாள்.

கவுனை வாங்கி பார்டரை விரலால் நீவினாள். "அரக்குக் கலருதான் வேணும்னேன். உங்க பாட்டிதான் மாம்பழக் கலர எடுத்துட்டு வந்தாங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. காபி போடப் போய்விட்டாள்.

கவுன் இப்போது தையல் மிஷினுக்கு உறையாக இருக்கிறது. அதற்குத்தான் அளவு கச்சிதம். தோளில் நழுவவும் இல்லை.