பாத்தியா, சமாதியா?

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். செல்போன்ல நீரு காட்டுன படத்தைப் பாத்தேன். முடிச்சூர் வீட்டுக் கொல்லையில எட்டடி நீளம், அஞ்சடி அகலம், ரெண்டடி ஒசரம். சுத்திவரச் செங்கல் கட்டி, சிமெண்டு பூசி, மேல கறுப்பு கிரானைட்டு வேற பதிச்சிருக்கீரு. தலைமாட்டுல ஒரு விளக்கு மாடம் வைக்க விட்டுப்போச்சே! தெருவுல போறவன் எட்டிப் பாத்தா செருப்பைக் கழட்டிட்டு, ‘பெரியவரு எப்பத் தவறினாரு’ன்னு எம் மவகிட்டத் துக்கம் விசாரிச்சுட்டுல்லா போவான்.

மேட்டுப்பாத்தி போட்டது தப்புன்னு நான் சொல்லலை. உம்ம ஊருக்கு அதுதான் லாயக்கு. மெட்ராஸ் பக்கம் வருசத்துக்கு 1,400 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை; அதுல பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகைன்னு கடைசி மூணு மாசத்துலயே கொட்டித் தீத்துரும். 2015-ல உம்ம முடிச்சூர்த் தெருவுல படகு விட்டதை டிவியில பாத்தோமே. அப்படிப்பட்ட மண்ணுல வேரு மூச்சு முட்டிச் சாகாம இருக்கத்தான் மேடு. இஞ்சி போடுறவன் மேட்டுப்பாத்தியில போடுறதும் இதுக்குத்தான். ஆனா உம்ம படத்தைப் பாத்துட்டுக் கோவில்பட்டியில உங்க சித்தப்பா ‘எனக்கும் ஒண்ணு கட்டுங்கடா’ங்காராம். கரிசக்காட்டு வெயிலுக்கு எதுக்கு மேடு? மேட்டுப்பாத்திக்கு மேலயும் வெயிலு, நாலு விலாவுலயும் வெயிலு. காலையில ஊத்துன தண்ணி மத்தியானம் இருக்காது. அங்கெல்லாம் தரையை விடப் பள்ளமாப் பாத்தி பிடிச்சு, பெய்யுற நாலு தூத்தலையும் நிப்பாட்டணும். நீரே பக்குவமாச் சொல்லிரும். நான் சொன்னா சம்பந்திச் சண்டையில போய் முடியும்.

சரி, உம்ம கோட்டைக்கு வருவோம். அஞ்சடி அகலம் வச்சிருக்கீரே, நட்ட நடுவுல கோரை முளைச்சா எப்படிப் பிடுங்குவீரு? உம்ம கை ரெண்டடிக்கு மேல எட்டாது. உள்ள ஏறி மிதிச்சீருன்னா பொலபொலன்னு இருக்க வேண்டிய மண்ணு கெட்டிப்பட்டுப் போகும். ரெண்டு பக்கமும் நடக்க வழியிருந்தா நாலடி, சுவரை ஒட்டினா ரெண்டடி. நீளம் உம்ம இஷ்டம், மெயின் ரோடு வரைக்கும் இழுத்துக்கிடும். பலகையில அடிச்சிருக்கலாமேன்னு எம் மவ கேட்டாளாம். ஒரு மழைக்காலத்துல கரையான் குடும்பத்தோட குடியேறிரும், செங்கல்லே இருக்கட்டும்.

அது போகட்டும், அடியில கான்கிரீட் எதுக்குவே போட்டீரு? என்னத்தைப் பிடிச்சு வச்சு வளக்கப் போறீரு, மீனா? மேல இருக்கிற மண்ணும் கீழ இருக்கிற மண்ணும் தொட்டுக்கிட்டு இருக்கணும். அப்பத்தான் மழைத்தண்ணி இறங்கும், மண்புழு ஏறும், வேரும் பாத்தி பத்தலைன்னா தரைக்குள்ள போகும். கொத்தனாரைக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லும். உடைச்ச ஜல்லியை அங்கேயே பரப்பிட்டாத் தண்ணி நல்லா வடியும்னு ஒரு யோசனை சொல்லுவாரு. கேக்காதேயும். பொடிமண்ணு நல்லா ஊறி நிறையுற வரைக்கும் கீழ இருக்கிற ஜல்லிக்குள்ள தண்ணியை விடாது. சகதி ஜல்லிக்கு மேலேயே நிக்கும். ஜல்லியை வாரிக் கொட்டிட்டு, அடித்தரையைக் கடப்பாரையால ஒரு சாண் ஆழம் கிளறி விடும், போதும்.

எப்படி நிரப்பப் போறீருன்னு கேட்டதுக்குத் தேங்காய்நார்க் கட்டி வாங்கியிருக்கேன்னீரே, அதுலதான் எனக்குச் சிரிப்பு தாங்கலை. உம்ம பெட்டிக்கு 80 கன அடி வேணும். லாரிக்காரன் ஒரு யூனிட்டுன்னு அளக்குறானே, அது 100 கன அடி. அதுல அஞ்சுல நாலு பங்கு. அஞ்சு கிலோ கட்டி ஒண்ணு தண்ணியில ஊறி எழுந்தா எழுபது, எழுபத்தஞ்சு லிட்டர் தேறும். கணக்குப் பாத்தா முப்பது கட்டி! அவ்வளவையும் கொட்டினாலும் அதுல ஈரம் இருக்குமே தவிர சத்து இருக்காது. கழுவாத நாருன்னா உப்பு வேற. கிரானைட்டுக்குக் கொடுத்த காசுக்கு மண்ணு வாங்கியிருக்கலாம். செடி வெளிச்சுவரையா நக்கித் திங்கப் போகுது?

ரெண்டடியை ஒரு அடியாக் குறையும். அடி திறந்திருந்தா கத்தரி, தக்காளி எல்லாத்துக்கும் அது தாராளம். முதல்ல தேங்காய் மட்டையைக் குழிவு மேல பாக்க அடுக்கும். மழை விட்டதும் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். அதுக்கு மேல நறுக்கின வாழைத்தண்டு, காய்ஞ்ச சருகு. சாணியைக் கரைச்சுத் தெளியும். அதுக்கு மேலதான் செம்மண்ணு ரெண்டு பங்கு, மக்கின தொழுவுரம் ஒரு பங்கு, மிச்ச ஒரு பங்குக்கு மணலும் நீரு வாங்கின நாரும். வாங்கிட்டீரு, வீணாக்க வேண்டாம். வேப்பம் புண்ணாக்கு ரெண்டு கை தூவும். ஆடிக்குள்ள நிரப்பிரும். ரெண்டு மூணு மாசத்துல மேடு இறங்கிப் போயிரும். ‘மண்ணைத் திருடிட்டாங்க மாமா’ன்னு ராத்திரி போன் போடாதேயும். அடியில கிடக்கிறது மக்குது, அவ்வளவுதான். மேல இன்னும் கொஞ்சம் உரத்தைப் போட்டுச் சருகால மூடி விடும்.

பச்சைச் சாணியைச் செடிக்குப் போட்டீரு, வேரு வெந்துரும். மக்கின உரம் மண்ணு மாதிரி உதிரணும். அதையும் சலிச்சுப் போடணும். பெருவிரல் தண்டிக்கு வெள்ளைப்புழு சுருண்டு கிடக்கும். காண்டாமிருக வண்டோட குட்டி, உம்ம ஒத்தைத் தென்னைக்கு எமன். பொறுக்கிக் கோழிக்குப் போடும். கோழி இல்லைன்னா பக்கத்து வீட்டுக்காரர்கிட்டக் கேளும், புழுவைக் கொண்டு போய்க் கொடுத்தாச் சிநேகம் வளரும்.

உரத்துக்கு அலைய வேண்டாம். நம்ம தொழுவத்துக் குப்பையை நாலு சாக்குல கட்டி வச்சிருக்கேன். நல்லா மக்கினது, நாறாது. பஸ்ல கண்டக்டர் ஏத்த மாட்டாரு. நீரு புதுக்காரு வாங்கியிருக்கீராம், டிக்கி பெருசுன்னு எம் மவ சொன்னா. ஏசியைப் போடாம கண்ணாடியை மட்டும் இறக்கி விட்டுக்கிட்டு ஓட்டும். டிக்கியில விரிக்க உங்க அத்தை பழைய சேலை ஒண்ணு எடுத்து வச்சிருக்கா. தீவாளிக்கு வரும்போது அதைத் துவைச்சுக் கொண்டாந்துரும்.